தேனீப் புழுவின் பழைய வயிறும் புதிய வயிறும்

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்த்த வீடுகளுக்குப் ‘பழுத்த புழு’ என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசிப் பருவத்தில் ஒரு வாரம் ராப்பகலாக மல்பெரி இலையைத் தின்று தீர்த்த புழு, ஒரு நாள் இலையைத் தொடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அலையும். கடைசியாக இளக்கமாகக் கழியும், கொஞ்சம் நீரும் விடும். வயிறு காலியானதும் உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அந்தப் புழுக்களைப் பொறுக்கிச் சந்திரிகைத் தட்டில் விடுவார்கள். அதன் பிறகு அதற்குச் சாப்பாடு கிடையாது, கூடு கட்டுவதுதான் வேலை.

சில மாதங்களுக்கு முன் பட்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, கெலவரப்பள்ளியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், “சார், தேனீப் புழுவும் இப்படித்தான் கழியுமா?” என்று கேட்டார். அவரிடம் மூன்று தேனீப்பெட்டிகள் இருக்கின்றன. நல்ல கேள்வி. பட்டுப்புழு தினமும் புழுக்கை போடுகிறது. தட்டுத் தட்டாக அள்ளி எருக்குழியில் கொட்டுகிறோம். ஆனால் தேனடையில் புழு இருக்கும் அறையை எட்டிப் பார்த்தால் துளி அழுக்கு இருக்காது. வெள்ளைப் புழு வெள்ளைக் கூழில் மிதந்துகொண்டிருக்கும். அத்தனையும் தின்கிறது, ஆயிரம் மடங்குக்கு மேல் எடை ஏறுகிறது. பின் கழிவு எங்கே போகிறது?

எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குப் பூச்சியியல் பாடம் கிடையாது. ஆனால் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த புண்ணியத்தில் ஒரு வசதி உண்டு. தேனீயைப் பற்றிய பழைய பெரிய புத்தகங்கள் பல பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் எப்படிக் கிடைத்தது என்ற கதையை, நான் படித்த அளவில் சொல்கிறேன். இந்தக் கதை முந்நூறு வருஷத்துக்கு மேல் நீள்கிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தேனீப் புழு தின்னும் காலம் முழுவதும் ஒரு தடவைகூடக் கழிவதில்லை. அதற்கு வழியே இல்லை. புழுவின் குடலை மூன்று துண்டாகச் சொல்லலாம். வாயிலிருந்து வரும் முன்குடல், குட்டையான ஒரு குழாய். நடுக்குடல்தான் புழுவின் உடம்பையே நிரப்பிக்கொண்டிருக்கும் பெரிய பை. அதற்குப் பிறகு பின்குடல். இந்த நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடம் புழுப்பருவத்தில் அடைத்திருக்கிறது. தின்றதெல்லாம் பைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். முட்டை மூன்று நாள். பொரிந்த பிறகு புழு தின்பது ஐந்தாறு நாள். அந்த ஐந்தாறு நாளும் செவிலித் தேனீக்கள் ஓயாமல் வந்து ஊட்டுகின்றன. ஒரே அறைக்குள் சாப்பாடும் படுக்கையுமாக இருக்கிற குழந்தை, அதே இடத்தில் கழியவும் செய்தால் கூழ் என்ன ஆவது? அதனால் வாசலையே அடைத்து வைத்திருக்கிறது இயற்கை.

அறையை மெழுகு மூடி போட்டு அடைத்த பிறகு, சாப்பாடு நின்றுவிட்ட நிலையில், அந்த அடைப்புத் திறக்கிறது. புழு கூடு நெய்துகொண்டே, அத்தனை நாள் சேர்ந்ததை அறையின் அடியில் கழித்துவிட்டு, அதன் மேலேயே இழையை இழுத்து மூடிவிடுகிறது. மூடிய அறைக்குள், மூடிய கழிவு. கூட்டுப்புழுவின் மேல் ஒன்றும் படுவதில்லை.

பழைய அடை ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். புது அடை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். அதே அறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் புழு வளர வளர, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கூட்டையும் அதற்கடியில் ஒரு பூச்சுக் கழிவையும் விட்டுவிட்டுப் போகிறது. அடை பழுப்பாகி, கறுத்து, கனத்து, அறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. பழைய அடையை வெந்நீரில் போட்டு உருக்கினால் மெழுகு குறைவாகவும் கறுப்புச் சக்கை அதிகமாகவும் வருவதைத் தேன் எடுப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சக்கையில் பெரும்பகுதி அங்கே பிறந்து போன தேனீக்களின் பழைய கூடுகள்தான்.

இதையெல்லாம் முதலில் கத்தி வைத்துத் திறந்து பார்த்த மனிதர் ஹாலந்து நாட்டு யான் ஸ்வாமர்டாம். 1637-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், மருத்துவம் பார்க்காதவர். பூச்சிகளை அறுப்பதற்கு அவர் வைத்திருந்த கத்தரிகள் மிகவும் சிறியவை. அவற்றைச் சாணை பிடிப்பதற்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்ததாம். மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஊதி, சுருங்கிக் கிடக்கும் உறுப்புகளை உப்ப வைத்துப் பார்ப்பார். தேன்கூட்டின் ‘அரசன்’ என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த பூச்சியைத் திறந்து, உள்ளே முட்டைப்பையைக் காட்டி, அது பெண் என்று நிறுவியவரும் இவர்தான்.

அந்தக் காலத்தில் புழு தேனீயாவதைப் பற்றிப் பலர் நினைத்தது வேறு. புழு செத்து, அதன் உடம்பிலிருந்து புதிதாக இன்னொரு பிராணி பிறக்கிறது என்று நம்பினார்கள். ஸ்வாமர்டாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1668-ல் இத்தாலியிலிருந்து வந்த மெடிசி குடும்பத்து இளவரசர் கோசிமோ முன்னிலையில் ஒரு கம்பளிப்புழுவின் தோலை உரித்து, உள்ளே வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் மடிந்து கிடப்பதைக் காட்டினார். புழுவும் பூச்சியும் ஒரே பிராணி, மொக்குக்குள் பூ இருப்பது போல உள்ளேயே இருந்து விரிகிறது என்பது அவர் கட்சி. கால், சிறகு, கொம்பு இவற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரி.

தேனீ ஆராய்ச்சியில் அவர் உடம்பு கெட்டது. பிறகு மதச் சிந்தனையில் மூழ்கி, 1680-ல் 43 வயதில் இறந்துபோனார். கையெழுத்துப் பிரதிகளைப் பிரெஞ்சு நண்பர் தெவெனோவுக்கு எழுதி வைத்திருந்தார். அவை கைமாறிக் கைமாறிப் பாரிசில் கிடந்தன. 1727-ல் லைடன் நகரத்துப் பேராசிரியர் புர்ஹாவே அவற்றை விலை கொடுத்து வாங்கி, 1737-38-ல் ‘இயற்கையின் வேதம்’ என்ற பொருள்படும் பெயரில் அச்சிட்டார். ஆசிரியர் செத்து 57 வருஷம் கழித்து! அலுவலகத்தில் நிலுவைக் கோப்புகளைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். இவ்வளவு காலம் கிடந்தும் ஒரு தாள் வீணாகாமல் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் கோப்பு அபூர்வம்.

ஸ்வாமர்டாமின் காலத்திலேயே, இத்தாலியில் மால்பிகி என்ற மருத்துவர் 1669-ல் பட்டுப்புழுவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பூச்சியின் குடலோடு ஒட்டி நூல் நூலாக ஓடும் குழாய்களை அவர்தான் விவரித்தார். இன்றும் அவற்றுக்கு மால்பிகிக் குழாய்கள் என்றே பெயர். நமக்குச் சிறுநீரகம் மாதிரி பூச்சிக்கு அவை. இந்தக் குழாய்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பிரெஞ்சுக்காரர்களில் ரெயோமூர் பெரிய பெயர். பள்ளியில் அவருடைய வெப்பமானியைப் பற்றிப் படித்திருக்கிறேன். பனிக்கட்டி உருகுவது 0, தண்ணீர் கொதிப்பது 80 என்று கணக்கு. பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய ஆறு பெரிய தொகுதிகளில் ஐந்தாவது 1740-ல் வந்தது. அதில் தேனீக்குப் பெரிய இடம். கண்ணாடி பதித்த கூடுகளை வைத்துக்கொண்டு அவர் நிதானமாகப் பார்த்துப் பார்த்து எழுதும் நடை இன்றும் படிக்கச் சுகமாக இருக்கிறது. அவசரமே கிடையாது, ஒரு தேனீ வந்து போவதற்கு ஒரு பக்கம்.

அவருக்கு அடுத்து வந்தவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஜெனீவாவில் 1750-ல் பிறந்த பிரான்சுவா யூபேர். இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. கண் தெரியாதவர் தேனீ ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றது எப்படி? அவரிடம் பிரான்சுவா புர்னென் என்ற வேலைக்காரர் இருந்தார். யூபேர் கேள்வி கேட்பார், புர்னென் பார்த்துச் சொல்வார். ஒரு கூட்டிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னாலும் செய்து முடிக்கிற ஆள். புத்தகத்தைப் புரட்டுவது போல அடை அடையாகத் திறக்கும் பெட்டியை யூபேர் செய்வித்தார். 1792-ல் வந்த அவர் நூலில் நம் விஷயத்துக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. வேலைக்காரத் தேனீயின் புழுவும் ஆண் தேனீயின் புழுவும் உடம்பு முழுவதையும் மூடிக் கூடு நெய்கின்றன. இராணிப் புழு மட்டும் அரைகுறையாக நெய்து வயிற்றுப் பக்கத்தைத் திறந்தே விடுகிறது. முதலில் வெளிவரும் இராணி மற்ற இராணிகளைக் கொட்டிக் கொல்வதற்கு அந்த இடைவெளி வசதியாகிறது என்று எழுதினார். புர்னென்னுக்கு அந்த நூலில் யூபேர் தாராளமாக நன்றி சொல்லியிருக்கிறார். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட எத்தனையோ குறிப்புகளை எழுதியவன் என்ற முறையில் அந்தப் பக்கங்கள் எனக்குப் பிடித்தவை.

ஆனால் இவர்கள் எல்லோரும் பார்த்தது உருவத்தை. வயிற்றுக்குள் நடப்பது மொக்கு விரிவது போன்ற காரியம் இல்லை. அது தெரிய வேண்டுமானால் உடம்பு செல்களால் ஆனது என்ற அறிவும், உறுப்புகளை மெல்லிய தாள் போலச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் வித்தையும் வரவேண்டியிருந்தது. அது 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1864-ல் ஜெர்மனியில் வைஸ்மன் ஈக்களை ஆராய்ந்து, புழுவின் உள்ளுறுப்புகள் பல கரைந்து அழிகின்றன, ஒதுங்கிக் கிடந்த சிறு செல் கூட்டங்களிலிருந்து புதியவை எழுகின்றன என்று காட்டினார். ஸ்வாமர்டாம் ஒழித்துக்கட்டிய ‘செத்துப் பிறத்தல்’ வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. முழுப் பிராணி சாகவில்லை. வயிறு மட்டும் செத்துப் பிறக்கிறது.

தேனீயில் இதைத் தனியாக எடுத்துக்கொண்டு உழைத்தவர்களில் ஆங்க்ளாஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர். குளவியிலும் தேனீயிலும் உள்ளுறுப்புகள் மாறுவதைப் பற்றி 1900 வாக்கில் நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். அமெரிக்காவில் ஸ்நாட்கிராஸ் 1910-ல் தேனீயின் உடலமைப்பைப் பற்றி எழுதிய நூல், பின்பு விரிவாகி 1956-ல் மறுபடி வந்தது. படங்களையும் அவரே வரைவார். 1924-ல் நெல்சன் தேனீப் புழுவை மட்டுமே எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக விவரித்தார். 1930-ல் எர்டல் என்பவர் உருமாற்றத்தின்போது உள்ளே என்னென்ன எப்போது நடக்கிறது என்று தொடர்ந்து பார்த்து எழுதினார்.

இவர்களெல்லாம் சேர்ந்து கண்டது இது. அறை மூடப்பட்டு, வயிறு காலியான பிறகு, நடுக்குடலின் உட்சுவர் முழுவதும் கழன்று குழாயின் நடுவில் விழுகிறது. சுவரின் அடியில் விதைபோல ஒளிந்திருந்த சின்னஞ்சிறு செல்கள் பெருகிப் புதிய சுவரை எழுப்புகின்றன. உதிர்ந்த பழைய சுவர் மஞ்சள் கட்டியாக உள்ளேயே கிடந்து மெல்லக் கரைகிறது. வீட்டை இடித்து வேறிடத்தில் கட்டவில்லை. குடியிருந்துகொண்டே பழைய சுவருக்கு வெளிப்பக்கமாகப் புதுச்சுவர் எழுப்பிவிட்டுப் பழையதை உள்ளே சாய்க்கிறது. மால்பிகிக் குழாய்கள் என்று சொன்னேனே, புழுவுக்கு அவை நான்கே நான்கு. அந்த நான்கும் அழிந்து, வளர்ந்த தேனீக்கு நூறு அளவில் புதிதாக முளைக்கின்றன. ஊட்டிய கூழை உண்பதற்கு ஒரு பை போதும்; பறந்து திரிந்து மகரந்தமும் தேனும் தின்கிற பிராணிக்கு வேறு வயிறு வேண்டாமா?

அந்த வேறு வயிற்றைப் பாருங்கள். முன்குடலின் கடைசி உப்பித் தேன்பை ஆகிறது. பூவில் உறிஞ்சிய மதுரம் அங்கேதான் தங்கும். அது கூட்டுக்குச் சொந்தம். தேன்பைக்கும் நடுக்குடலுக்கும் இடையில் நான்கு உதடுகள் வைத்த ஒரு வால்வு. தேன்பையிலுள்ள மதுரத்தில் மிதக்கும் மகரந்தத்தை அது பொறுக்கி உள்ளே தள்ளும், மதுரத்தைத் தேவைப்பட்டால் மட்டும் விடும். பொதுப்பணத்தில் கைவைக்காமல் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்ள இப்படியொரு வால்வு அலுவலகங்களில் இருந்திருந்தால் தணிக்கைத் துறைக்கு வேலை இருந்திருக்காது. பட்டையாகக் கிடந்த நடுக்குடல் நீண்டு வளைந்து சுருள்கிறது. கடைசியில் மலக்குடல், நன்றாக விரியக்கூடிய பை.

மலக்குடல் விரிவதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த தேனீயும் கூட்டுக்குள் கழிவதில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் வெளியே வராமல் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்து, முதல் வெயிலில் கூட்டமாகப் பறந்து கழிக்கும். நம் ஊரில் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் ஓசூரில் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் மலைத்தேனீ கூடு வைத்திருந்தால், கீழே நிறுத்திய வண்டியிலும் உலர்த்திய துணியிலும் மஞ்சள் புள்ளிகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மகரந்தத்தின் செரிக்காத ஓடுகள் அவை. இந்த மஞ்சள் புள்ளி ஒரு காலத்தில் உலக அரசியலையே கலக்கியது. 1981-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் ஆதரவில் விஷமழை பொழிவிக்கப்படுவதாகக் குற்றம் சாட்டினார். ‘மஞ்சள் மழை’ என்று பத்திரிகைகள் எழுதின. மெசல்சன் என்ற உயிரியலாளரும் தேனீ நிபுணர் சீலியும் மற்றவர்களும் தாய்லாந்துக்குப் போய்ப் பார்த்து, மலைத்தேனீக் கூட்டம் ஒரே நேரத்தில் பறந்து கழிக்கும்போது இதே போன்ற மஞ்சள் மழை விழுகிறது என்று காட்டினார்கள். மேசை மீதிருக்கும் கோப்பை மட்டும் பார்க்காமல் ஸ்தலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் புதுக் கதை. வயிற்றின் உட்சுவரையே உதிர்த்துவிட்டால் அதில் ஒட்டியிருந்த கிருமிகளும் போய்விடுமல்லவா? அப்படித்தான் ஆகிறது. அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் இளம் தேனீயின் வயிற்றில் கிருமி அநேகமாக இருப்பதில்லை. மனிதக் குழந்தைக்குத் தாயிடமிருந்து நல்ல கிருமிகள் வருகிற மாதிரி, இதற்கு அக்காமார்களிடமிருந்து வருகிறது. அவர்களோடு உரசி, ஊட்டுவாங்கி, அடையில் நடந்து, சில நாளில் அதன் குடலில் ஒரு குறிப்பிட்ட கிருமிக் கூட்டம் குடியேறிவிடுகிறது. அமெரிக்காவில் நான்சி மோரன் குழுவினர் 2012 முதல் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிருமிகளில் இரண்டுக்கு 2013-ல் பெயர் வைத்தார்கள்: ஒன்று ஸ்நாட்கிராஸெல்லா, மற்றது கில்லியமெல்லா. முன்னது நாம் மேலே பார்த்த ஸ்நாட்கிராஸ் பெயர். பின்னது தேனீக் கிருமிகளைப் பற்றி வருஷக்கணக்கில் உழைத்த மார்த்தா கில்லியம் அம்மையாரின் பெயர். தெருவுக்குப் பெயர் வைப்பதைவிட இது மேல். நம் நாட்டுப் பொந்துத் தேனீயின் குடலிலும் இவை இருக்கின்றன.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அந்த ஊரின் தேன் தொழில் சும்மா வந்ததல்ல. 1920-களில், திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம முன்னேற்ற மையம் நடத்தினார். கோழி, நெசவு இவற்றோடு தேனீப்பெட்டியையும் ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி ஒரு சிறு பெட்டி வடிவமைத்திருந்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது தேனும் பெருகியது. நண்பரின் அப்பா வீட்டில் 40 பெட்டி. பிள்ளைகளின் படிப்புச் செலவு அதிலிருந்துதான்.

1991-92-ல் அந்த நோய் வந்தது. தாய்லாந்தில் 1976-ல் முதலில் கண்டதால் ‘தாய் சேக்புரூட்’ என்று பெயர். 1978-ல் வடகிழக்கு இந்தியாவுக்கு வந்து, பிறகு கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு என்று பரவி, பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பெட்டிகளுக்கு மேல் காலி செய்தது. ஒரு வைரஸ். செவிலித் தேனீ ஊட்டும் உணவோடு புழுவின் வயிற்றுக்குள் போய் அங்கிருந்து உடம்பெங்கும் பெருகுகிறது. புழு வழக்கம்போல் தின்று வளர்கிறது, கூடும் நெய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கடைசித் தோலை உரிக்க முடிவதில்லை. பழைய தோலுக்கும் உள்ளிருக்கும் உடம்புக்கும் நடுவில் நீர் கோத்து, புழு ஒரு தண்ணீர்ப் பையாகிப் படகின் முன்முனை போலத் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கிறது. குச்சியால் எடுத்தால் பை பையாகவே வரும். வயிற்றையும் உடம்பையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அந்த வாசலில் வைத்தே நோய் பிடித்து நிறுத்திவிடுகிறது. செத்த புழுவை அப்புறப்படுத்தும் வேலைக்காரத் தேனீ அந்த நீரை வாயில் வாங்கி, தன் ஊட்டும் சுரப்பியில் வைரஸைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த புழுவுக்கு ஊட்டப் போகிறது.

நண்பரின் வீட்டில் மிஞ்சியது மூன்று பெட்டி. அவர் அப்பா மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, பொடித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்துப் பார்த்தாராம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பாக்டீரியாவுக்கான மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அது போகட்டும்; தேனீயின் வயிற்றில் அக்காமார் வழி வந்த நல்ல கிருமிகளை அந்த மருந்து அழிக்கிறது, அதனால் தேனீக்கள் சீக்கிரம் சாகின்றன என்று மோரன் குழுவினர் டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்து 2017-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம், களைக்கொல்லியான கிளைபோசேட்டும் அந்தக் கிருமிக் கூட்டத்தைக் குலைக்கிறது என்று கண்டார்கள். ரோஜாத் தோட்டமும் மாந்தோப்பும் நிறைந்த நம் பக்கத்தில் எந்த மருந்தை எந்த நேரத்தில் அடிக்கிறோம் என்று யோசிக்க இது ஒரு காரணம். மருந்து தேனிலும் தங்கும். 2010-ல் இந்தியத் தேனை ஐரோப்பிய ஒன்றியம் வாங்க மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாப் புழு நோயும் வைரஸ் அல்ல. ஐரோப்பிய அழுகல் நோய் என்பது பாக்டீரியாவால் வருவது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் லெஸ்லி பெய்லி அதைப் பல வருஷம் ஆராய்ந்தார். அந்தப் பாக்டீரியா புழுவின் அடைத்த வயிற்றுக்குள்ளேயே பெருகிச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. புழு பலவீனப்பட்டும் பிழைத்துக்கொண்டால், வாசல் திறந்து கழியும் அந்த ஒரே தடவையில் நோய்க்கிருமியையும் அறைக்குள் விட்டுவிட்டுப் போகிறது. அடுத்து அதே அறையில் வளரும் புழுவுக்கு அது காத்திருக்கிறது. கறுத்த அடையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து உருக்கிவிடச் சொல்வது இதனால்தான். ‘தேனீ பழைய அடையைத்தான் விரும்பும்’ என்று தோட்ட நண்பர் சொல்வதும் பொய்யல்ல. இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

மார்த்தாண்டத்துக்காரர்கள் மீண்டது மருந்தால் அல்ல. செத்தவை போக மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கினார்கள். தாங்கி நின்றவற்றின் வம்சம் பரவியது. பஞ்சாப், இமாசலப் பக்கம் 1960-களிலேயே வந்திருந்த இத்தாலியத் தேனீயையும் சிலர் கொண்டுவந்து வைத்தார்கள். நோய் கண்ட பெட்டியில் இராணியைச் சில நாள் கூண்டிலடைத்து முட்டையிடாமல் தடுக்கும் வழியையும் கற்றுக்கொண்டார்கள். புழுவே இல்லாத இரண்டு மூன்று வாரத்தில் வைரஸுக்குப் பெருக இடம் கிடைப்பதில்லை. தேனீக்களும் அறைகளைச் சுத்தம் செய்துவிடுகின்றன. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நண்பரின் அப்பா அதைப் பார்க்க இல்லை. மிஞ்சிய அந்த மூன்று பெட்டிகளிலிருந்து பெருகியவை, பங்கு பிரிந்து இப்போது இரண்டு தம்பிமார்கள் வீட்டில் இருக்கின்றன.

தோட்ட நண்பரின் மூன்றாவது பெட்டியில் போன வாரம் தலை தூக்கிய புழு நாலைந்து இருந்தது. கூண்டு வாங்கி வந்திருக்கிறார். இராணியைப் பிடித்து உள்ளே விட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். என் கண்ணுக்கு இராணி தெரியாது, பேரன் போயிருக்கிறான்.